பலகை திறந்த தெரு

பகல் இரண்டு மணிக்குக் காந்திமதிக்குக் கண் செருகும். தினமும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கயிறு, முறம், துடைப்பம் விற்கும் கடை அவளுடையது. தேங்காய்நார் வாசனைக்கு நடுவே உட்கார்ந்தபடியே கனவில் அந்தத் தெருவில் நடந்து போவாள். சாக்கடைக்கு மூடி போட்டிருக்கும். கம்பத்துக்குக் கம்பம் விளக்கு மிதக்கும். சாமான் வாங்கப் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறும் மண்ணூர்ப் பெண்கள் அங்கே போகாமல் இங்கே வந்து இறங்கி, அவள் கடைக்கு வருவார்கள்.

1991இல் அந்தக் கனவுக்கு வழி பிறந்தது. சின்ன ஊர்க் கடைத்தெருக்களைச் சீர்செய்யச் சர்க்கார் உதவி தருமாம். ஆனால் வியாபாரம் நடக்கும் தெருவுக்கு மட்டும். பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள்.

பெரிய மனிதர் வரும்போது கல்லாவில் உட்கார்ந்திருப்பது மரியாதையா என்று கேட்டார் வெல்லக்கடை நரசிம்மன். அத்தனை பேரும் கடையைப் பூட்டிவிட்டு, மாலையோடு தெருமுனையில் நின்றார்கள்.

அதிகாரி மாலையை வாங்கிக்கொண்டு, இருநூறு மீட்டர் தெருவையும் நடந்து பார்த்தார். ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை.

"வியாபாரமே இல்லையே. நான் என்னன்னு எழுதறது?"

ஒரு வரி எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

"மரியாதை பண்றேன்னு குடியைக் கெடுத்தியேண்ணே!" என்றாள் காந்திமதி.

"நீ மட்டும் இன்னா? கல்யாணப் பொண்ணாட்டம் பட்டு கட்டிக்கினு நிக்கலியா?" என்றார் நரசிம்மன்.

அவள் கடைக்கு ஓடினாள். பூட்டைத் திறந்து, வாசல் பலகைகளை ஒவ்வொன்றாக உருவித் தெருவில் போட்டாள்.

"சார், எறங்குங்க! கடை கீது!"

பக்கத்துக் கடையிலும் பலகை விழுந்தது. அதற்கடுத்த கடையிலும். மரச்சத்தம் தெருக்கோடிவரை ஓடியது. தூக்கத்திலிருந்து எழுவதுபோல் ஒவ்வொரு கடையாக வெளிச்சம் புகுந்தது. புளி மணத்தது, வெங்காயம் மணத்தது. மாவு மில் முனகிச் சுழன்றது. எங்கிருந்தோ ஜனங்கள் பையோடு வந்தார்கள்.

ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. அதிகாரி இறங்கி மறுபடி முதலிலிருந்து நடந்தார். காந்திமதி யாருக்கோ கயிறு அளந்துகொண்டிருந்தாள். அதிகாரி அவள் கடை முன் நின்று, முன்பு எழுதிய வரியை அடித்தார்.

"கடை எத்தனை வருஷமா நடக்குதும்மா?"

"பதினாலு வருஷம்யா. பொழுது இருக்கசொல்ல மூடினதில்ல. எங்கூட்டுக்காரரு செத்தப்போ மூணு நாளு. இன்னைக்கு ஒரு மணி நேரம்."