சாப்பிடாத மாத்திரை

இன்று காலை வீட்டில் இருந்தது மூன்று பேர். தறியில் என் வீட்டுக்காரர், பூஜை அலமாரி முன் நான், வாசற்படியில் பக்கத்து வீட்டு சரசு அக்கா.

இவர் பிரஷருக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார். "இப்பதான் காபியோட முழுங்கினேன்" என்றார் இவர்.

"ஐயோ, அதுவா? எங்க ஊட்டுக்காரருக்கு விரலெல்லாம் மரத்துப் போச்சுபா!" என்றாள் அக்கா.

அவள் போன கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் நின்றது.

"விரல்ல உணர்ச்சியே இல்லமா. தறி ஓட்டுற நாடா கைல நிக்கல. இனிமே அந்த மாத்திரை வேணாம்."

தொட்டுப் பார்த்தேன். இரண்டு கையும் சில்லிட்டிருந்தன.

எங்கள் வீட்டில் எந்த மருந்தையும் காமாட்சி பாதத்தில் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் பிரிப்போம். அலமாரியில் அந்தப் பிரஷர் மாத்திரை அட்டை குங்குமத்தோடு பிரிக்காமல் கிடந்தது. என் சத்து மாத்திரையில்தான் ஒன்று குறைந்திருந்தது; இவர் விழுங்கியது அதைத்தான்.

"ஏங்க, நீங்க அதைச் சாப்பிடவே இல்லீங்க."

சிரித்தார். பிறகு விரல்களை நீட்டி, "அப்போ இத யாரு மரத்துப்போக வெச்சது?" என்று கேட்டார். அப்போதும் மரத்தபடியேதான் இருந்தன.

உடனே டாக்டரிடம் போனோம். சோதித்துவிட்டு, "கைல ஒண்ணும் இல்ல. பயத்துலயும் இப்படி வரும். இன்னிக்கே மாத்திரைய ஆரம்பிங்க" என்றார். இவர் மாட்டேன் என்கிறார்.

இதை எழுதும்போது என் கட்டைவிரலும் மரத்துப்போகிறது. நானோ இன்று எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை; என் மாத்திரையைத்தான் இவர் விழுங்கிவிட்டாரே!

பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இந்தப் பதிவின் கீழே பதில் போடுங்கள். இவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.