கேதம் கேட்கப் போகாதவன்

ஆரோக்கியம் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி சின்னமனூரில் ஒரு முடிவெட்டும் கடையில், பாதி முகம் சவரம் ஆகியிருந்தபோது எனக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பழைய படம். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் ‘ஆழ்ந்த வருத்தங்கள்’ என்று போட, அதையே எடுத்து இருபது பேர் ஒட்டியிருந்தார்கள். “மீதியையும் எடுத்துரவா சார்?” என்று கடைக்காரர் கேட்டார். நான் எழுந்து அப்படியே தெருவுக்கு வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே ஓடிவந்து என் கன்னத்துச் சோப்பைத் துடைத்துவிட்டுப் போனார்.

குழுவில் நான் மட்டும் எதுவும் போடவில்லை. ஏன் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். உயிரோடு இருந்தவரிடம் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லாத ஒருவன், செத்த பிறகு கும்பிடும் கை போடுவதா? எனக்குக் கை வரவில்லை. அஞ்சலி என்று நினைத்து இதைப் படிக்க வருகிறவர்கள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வருடங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் தமிழ், நான் வரலாறு. அவர் ராயப்பன்பட்டி, நான் மார்க்கையன்கோட்டை. இரண்டும் வேறு வேறு திசை. ஆனாலும் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டுவிட்டால் தன்னுடைய டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு என் ஊர் வரை வந்து விட்டுவிட்டுத்தான் திரும்புவார். வண்டி ஓட்டும்போதே முகத்தைப் பின்னால் திருப்பிப் பேசுவார். “சார், ரோட்டப் பாருங்க!” என்று நான் கத்துவேன். “ரோடு எங்கன போயிரும் சார், அங்கனதான கெடக்கும். சொல்ல வந்தது மறந்து போயிரும்ல” என்பார். இரண்டு முறை வாழைத்தோப்புக்குள் வண்டியை விட்டிருக்கிறார். அப்போதும் பேச்சை முடித்துவிட்டுத்தான் வண்டியைத் தூக்கினார்.

என் வாய் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் அலுவலகக் கிளார்க்கை எல்லோர் முன்னாலும் கண்டபடி பேசிவிட்டேன். தலைமையாசிரியர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நான் வீறாப்பாக ஒரு தாளை எடுத்து, “வருந்துகிறேன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும்ல? மன்னிப்பெல்லாம் நான் கேக்க மாட்டேன்” என்று ஆரோக்கியம் சாரிடம் சொன்னேன். அவர் கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

“மழ பெய்யலன்னாலும் வருந்துறோம் சார். அதுல உங்க கை எங்கன இருக்கு?” என்றார்.

“சரி, குற்ற உணர்ச்சின்னு எழுதட்டுமா?” என்றேன் கிண்டலாக.

“அது உங்கள நீங்களே வையிறது. அதுல கிளார்க்குக்கு என்ன லாபம்? மன்னிப்புன்னா அவரு குடுக்கணும், நீங்க கை நீட்டணும்.” பேனாவை மூடினார். “இது ரெண்டும் இல்லாம இன்னொண்ணு இருக்கு சார். அன்னைக்கு நம்ம வேற மாதிரி செஞ்சிருக்கலாம், செய்ய முடியும்னு நமக்கே தெரியும், செய்யல. அதுக்கு எதுத்தாப்ல ஆளே வேண்டியதில்ல. புத்தகத்துல கழிவிரக்கம்னு போட்டிருக்கு. எனக்கு அது பத்தல. நம்ம ஊருல அதுக்குப் பேரே கெடையாது. நெஞ்சுல அடிச்சிக்கிட்டு, பாவி, பாவிம்பாக. அம்புட்டுத்தான். அந்த நெலமைக்கு முன்னாடி இப்பவே போயிக் கேட்டுட்டு வந்துருங்க. கடுதாசிய அப்புறம் பாப்போம்.”

போனேன். கிளார்க் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அத்தோடு அது தீர்ந்தது. கடிதம் எழுதவே இல்லை.

இன்னொரு நாள் வண்டியில் போகும்போது இதே பேச்சு மறுபடி வந்தது. அவர்களுடைய கோயிலில் உத்தம மனஸ்தாபம் என்று ஒரு செபம் சொல்வார்களாம். “தண்டனைக்குப் பயந்து அழுகுறது ஒண்ணு சார். பிரியம் வச்ச ஆள நோகடிச்சிட்டமேன்னு அழுகுறது ஒண்ணு. ரெண்டாவதுதான் உத்தமம். ஆனா அந்த அழுக எனக்கு வேண்டாம்னுதான் நான் தெனமும் வேண்டுறேன்” என்று சொல்லிச் சிரித்தார். வேறு மதத்துக்காரன் என்பதால் அன்றைக்கு நான் ஒப்புக்குத் தலையாட்டினேன்.

என் அம்மா இறந்தபோது எனக்கு முன்னால் என் வீட்டில் நின்றவர் அவர். நான் தேனியிலிருந்து வந்து சேர்வதற்குள் நாற்காலி, பந்தல், ஐஸ் பெட்டி எல்லாம் சொல்லியாகிவிட்டது. “நீங்க அழுகுங்க சார். ஓடியாடுறத நான் பாத்துக்கிறேன்” என்றார். மூன்று நாள் தன் வீட்டுக்குப் போகவில்லை. சுடுகாட்டில் எங்கள் பங்காளிகளோடு பங்காளியாக நின்றார். இதை அவருடைய பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்து நான் செய்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்டு இரண்டாம் நாள் காலையில் சார் கூப்பிட்டார். “சார், லூர்து போயிட்டா” என்றார். அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்துக்கு அவர் கொண்டுவந்த சாப்பாட்டில் பாதி எனக்கென்றே கட்டி அனுப்பிய மகராசி. “இந்தா, வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன். என் அண்ணன் வாசலில் மறித்தார். “ஏலே, பந்தக்கால் நட்டாச்சு. கேத வீட்ட மிதிச்சிட்டு வந்து புள்ளையத் தாரை வாப்பியாக்கும்?”

நான் நின்றுவிட்டேன். அண்ணன்மேல் பழி போடமாட்டேன். அவர் வழக்கத்தைச் சொன்னார், அவ்வளவுதான். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. வரமுடியவில்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த முடிவு எனக்கு வசதியாக இருந்தது. கல்யாணம் முடிந்ததும் போய்க் கேதம் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். மறுவீடு வந்தது. அப்புறம் ஒருநாள் கிளம்பினால் செவ்வாய்க்கிழமை. இன்னொரு நாள் வெள்ளிக்கிழமை. அந்த இரண்டு கிழமையிலும் எங்கள் பக்கம் துக்கம் விசாரிக்கப் போகமாட்டோம். அப்புறம் ஆடி, மருமகன் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. இனிமேல் எந்த முகத்தோடு போவது? இப்படியே பதினாலு மாதம் ஓடிவிட்டது. நடுவில் ஒருமுறை உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மெலிந்து போயிருந்தார். கையில் மருந்துப் பை. நான், இருபத்திரண்டு வருடம் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவன், ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். த்தூ! இதை எழுதும்போது எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அன்றைக்கு அந்தப் பாதிச் சவர முகத்தோடுதான் ராயப்பன்பட்டிக்குப் போனேன். சாரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நாலைந்து பேர் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவருடைய மகள் ஜெசிந்தா என்னைக் கண்டதும், “மாமா” என்று கையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளையை ஓரமாகக் கூட்டிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி, “அப்பா எம்மேல கோவமா இருந்தாராம்மா?” என்பதுதான். செத்த வீட்டிலும் என் கவலை எனக்கு. ஆமாம் என்று அது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். இரண்டு பேருக்கும் சரிக்குச் சரி என்று மனதைத் தேற்றியிருப்பேன்.

“கோவமா? அப்பாவுக்கா?” என்றது. “உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மொத நாளு வண்டிய எடுத்துக்கிட்டு உங்க ஊருக்கு வந்தாக மாமா. தெருமுக்குல நின்னு பந்தலப் பாத்துட்டுத் திரும்பிட்டாக. ஏம்ப்பா உள்ள போகலன்னு கேட்டதுக்கு, கேத வீட்டுக்காரன் காலு அங்கன படக்கூடாதும்மா, நாளைக்கு அந்தப் புள்ளைக்குச் சின்னதா ஒண்ணுன்னாலும் சாரு மனசு தாங்காதுன்னாக.”

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தது.

“நீங்க கேதம் கேக்க வருவீகன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. செவ்வா வெள்ளி சாரு வர மாட்டாரு, அவுகளுக்கு ஆகாது. ஞாயித்துக்கெழம கூட்டமா இருக்கும். வந்தா பொதங்கெழமதான் வருவாருன்னு அவுகளே கணக்குப் போட்டு வச்சிருந்தாக. ஒவ்வொரு பொதங்கெழமையும் காலையிலயே குளிச்சுட்டு, தேச்ச சட்டையப் போட்டுக்கிட்டு, வாசலுக்கு நேரா நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பாக. போன வாரம் எந்திரிக்க முடியல. அப்பவும் சட்டைய மாத்திவிடச் சொன்னாக.”

அடக்கத்துக்கு நின்றேன். மண் போட்டேன். எப்படி ஊருக்குத் திரும்பினேன் என்று தெரியவில்லை. அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். அவர் திருத்திக் கொடுத்த நோட்டோ, மேடையில் அவர் பேசிய பேச்சோ, அந்தச் சிரிப்போ. என்னிடம் இருப்பவை அந்தப் பதினாலு மாதத்துப் புதன்கிழமைகள். அவற்றை நான் யாரிடமும் திருப்பிக் கொடுக்க முடியாது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதைக் கொடுக்க ஆள் இல்லை. பாவி, பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

இன்றைக்குப் புதன்கிழமை. காலையிலேயே குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கே கிளம்புகிறீர்கள் என்று வீட்டில் மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள்.