எட்டு போடப் போய் ஆறு போட்டேன்

சென்ற மாதம் பைக் லைசென்ஸுக்காக எட்டு போடப் போனேன். ஆறு போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

விளையாட்டில்லை. கீழ் வட்டத்தை ஒழுங்காகச் சுற்றி மேல் வட்டத்துக்கு ஏறும்போது வண்டி ஒரு தும்மல் தும்மியது. அணைந்தே விட்டது. காலை ஊன்றினேன். எட்டு முடிவதற்குள் கால் தரையில் பட்டால் ஃபெயில்!

பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்கம்மா" என்றார். வேடிக்கை பார்த்த கூட்டம் அத்தனை மென்மையானதல்ல.

"யக்கா, கிளட்ச்ச மெதுவா விடணும்க்கா!"

என் கணவர் பிரான்சிஸும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பதை முகத்தாலேயே சொல்லத் தெரிந்தவர் அவர்.

இந்த வயதில் உனக்கு எதற்குக் கியர் வண்டி என்று கேட்பீர்கள். ஸ்கூட்டரை மகள் கல்லூரிக்கு எடுத்துப்போகிறாள். எனக்குச் சாணார்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பஸ்ஸை நம்பினால் பிரேயர் முடிந்துதான் போய்ச்சேர முடியும். அவர் புது பைக் வாங்கியதும், பழைய ஹண்ட்ரட் சிசி வண்டியை எனக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்று சொல்லக்கூடாது... கண்காணிப்பில் விட்டிருந்தார். ஞாயிறுதோறும் அவரே கழுவுவார், அவரே துடைப்பார்.

"வண்டியில ஒண்ணுமில்ல ரீட்டா. ஒனக்குத்தான் கிளட்ச் வரல" என்பது அவர் தீர்ப்பு.

நானும் நம்பினேன். ஒரு பெண் ஓட்டும் வண்டி நடுரோட்டில் நின்றால், யாராவது இன்ஜினைக் குனிந்து பார்க்கிறார்களா? ஓட்டுபவளைத்தானே பார்க்கிறார்கள்?

மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட் எடுக்க உள்ளே போனேன். வெளியே துப்... துப்... து... சத்தம் நின்றது.

வண்டியில் யாருமே இல்லை. அப்படியானால் கிளட்ச்சை வேகமாக விட்டது யார்?

"குளிருக்கு அப்படித்தான் நிக்கும்" என்றார் கணவர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அன்று மாலை யூடியூபில் உட்கார்ந்தேன். விஷயம் இவ்வளவுதான் — ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் அணையாமல் ஓட, கார்புரேட்டர் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. ஐடிலிங் ஸ்க்ரூ. அது தளர்ந்துவிட்டால் வண்டி மூச்சுத் திணறும். தெருமுனை வரை ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, அதை வலப்பக்கம் திருகினேன். கொஞ்சம் அதிகமாகவே திருகிவிட்டேன் போல. வண்டி அலறிய அலறலில் எதிர்வீட்டு நாய் எழுந்து இடம் மாறியது. மெல்லப் பின்னால் திருப்பினேன். சத்தம் சீரானது.

அந்த வாரம் முழுக்க வண்டி எங்கேயும் அணையவில்லை. பூ வேன் குறுக்கே வந்தபோதுகூட!

திங்கட்கிழமை பழையபடி தும்மல்.

மறுபடி திருகினேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன் — பாதித் திண்டுக்கல் அதற்குள்தான் இருந்தது. வாரம் முழுக்கச் சமர்த்து. அடுத்த திங்கள் மீண்டும் தும்மல். அது என்ன, சனி வரை இருக்கும் ஆரோக்கியம் ஞாயிறோடு போய்விடுகிறது?

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டேன். பிரான்சிஸ் வண்டியைக் கழுவினார், துடைத்தார். பிறகு அதை ஸ்டார்ட் செய்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். குனிந்தார். இன்ஜின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பிலிருந்த வெஞ்சனம் கருகியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த டெஸ்டுக்கு முன்னால் ஸ்க்ரூவைச் சரிசெய்தேன். ஸ்க்ரூடிரைவரை அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

டெஸ்ட் அன்று காலை வீடே அதிர்ந்தது. எல்லா டிராயரும் திறந்து கிடந்தன.

"ரீட்டா, ஸ்க்ரூடிரைவரப் பாத்தியா?"

"எதுக்குங்க?"

"சும்மா... ஃபேன் சத்தம் போடுது."

"ஏன், ஃபேனுக்கும் ஐடிலிங் கொறைக்கப் போறீங்களா?"

மனிதர் திறந்து கிடந்த டிராயரை மூடினார். பிறகு மெல்ல, "டீக்கடையில சொன்னாங்க... ஐடிலிங்கக் கொறச்சா மைலேஜ் கூடுமாம்" என்றார்.

"அதுக்காக ஊரே என்னையப் பாத்துச் சிரிக்க வச்சீங்களே!"

"இம்புட்டு ஆகும்னு நெனைக்கல ரீட்டா" என்றார். குரல் நிஜமாகவே இறங்கியிருந்தது. பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

அன்று எட்டு போட்டேன். முழு எட்டு. வண்டி ஒரு இடத்திலும் தும்மவில்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டியபோது முதலில் கை தட்டியது யார் தெரியுமா? பிரான்சிஸ்தான். பக்கத்தில் நின்றவரிடம், "வீட்டுக்காரம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்கிறார்!

திரும்பும்போது நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்தார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தோளில் மெல்லத் தட்டினார்.

"கேட் தொறக்க செத்த நேரமாகும். வண்டிய ஆஃப் பண்ணேன்... பெட்ரோல் வீணாப் போகுதுல்ல?"

"நீங்க எறங்கி நடங்க. வெயிட் கொறஞ்சா இன்னும் மிச்சமாகும்."

பதில் சொன்னது ரயில்தான்... ஹாரன் அடித்துக்கொண்டே போனது.