லூர்துசாமி அண்ணனும் மலாக்கா இராயப்பர் கோயிலும்

கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மேரி அண்ணி. "ஒங்க அண்ணன் போயிட்டாரு தம்பி. லெம்பா பெர்த்தாம் தோட்டத்துல சாமான் ஏத்தும்போது விழுந்தாரு, எழும்பல."

முந்தின மாலைதான் என்னோடு தேநீர் குடித்தார். "கோயில் திருநாளுக்கு மலாக்கா போறோம்லா, லீவு சொல்லி வை" என்றார். இதை எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

லூர்துசாமி அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். கொழுந்து பறிப்பவர்களை மலைக்கு ஏற்றிப் போவார். ஒரு மழைநாளில் லோரி சரிவில் கவிழ்ந்தது. பலருக்குக் காயம். என் அம்மா அங்கேயே இறந்துபோனார். விசாரணையில் அண்ணன், "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, மழையில வழுக்கிருச்சு" என்றார். அன்றோடு வண்டி ஓட்டுவதை விட்டு, தோட்டத்திலேயே வேறு வேலைக்குப் போனார்.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மலாக்காவுல ஒங்கம்மாவுக்கு ஒரு பூசை வைக்கணும். வர்றியா தம்பி?" நாங்கள் இந்துக்கள். அவ்வளவு தூரம் ஏனென்று புரியாமலேயே போனேன்.

போர்த்துகீசிய வழிவந்த மீனவர்கள் கொண்டாடும் பழைய கோயில் அது. தடித்த வெள்ளைச் சுவர்கள், மெழுகுவர்த்திப் புகை. பூசை முடிந்து எல்லாரும் வெளியேறிய பிறகும் அண்ணன் பீடத்துச் சுரூபச் சிலையின் முன்னே நின்றார்.

"இவரு இராயப்பர், ஆண்டவரோட சீடரு. பயத்துல ஆண்டவரையே தெரியாதுன்னு சொல்லிட்டு, அப்புறம் அழுதவரு. நானும் பயந்துட்டேன்டா. பிரேக் சரியில்லன்னு தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட முன்னாலயே சொன்னேன். விசாரணையில மாத்திச் சொல்லு, இல்லன்னா தோட்டம் குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணுன்னாங்க."

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை, அடிக்காகவே காத்திருந்தார். கையை இறக்கிக்கொண்டு, "இங்க சொல்லி என்னண்ணே? அங்க வந்து சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அந்த வாரமே போலீசில் எழுதிக் கொடுத்தார். தோட்ட நிர்வாகம் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அண்ணனுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. பெர்த்தாம் காய்கறித் தோட்டத்தில் மூட்டை தூக்கினார். "இப்பத்தான்டா தூக்கம் வருது" என்றார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் இருவரும் மலாக்கா போனோம். வண்டியை நான்தான் ஓட்டினேன்.

நேற்று அடக்கம். அன்று லோரியில் காயம்பட்டவர்கள் எல்லாரும் மழையில் நின்றிருந்தார்கள். அதில் கால் ஒடிந்த என் சின்னம்மா, அண்ணன் உண்மையைச் சொன்ன பிறகும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கம்போங் ராஜாவிலிருந்து தனியாக வந்திருந்தார். குழிக்கருகே குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். ஆனால் போடவில்லை.

"திருநாளுக்குப் போகும்போது நானும் வர்றேன்னு சொல்லலாம்னு இருந்தேன்டா" என்றார் என்னிடம்.

எல்லாரும் கலைந்த பிறகும் சின்னம்மாவின் விரல்கள் விரியவில்லை. மழையில் அந்த மண் கரைந்து, மணிக்கட்டு வழியே வழிந்துகொண்டிருந்தது.

போய் வாருங்கள், அண்ணே.