என்ன சொல்றாரு?

கீழ்வீட்டுக்காரர் அவருடைய பாஷையில் கத்திக்கொண்டிருக்கிறார்: மேலே குழாய் ஒழுகி அவர் தலையில் சொட்டுகிறது, கொஞ்சமாவது அறிவிருக்கிறதா? அத்தை அதை மேல்வீட்டுப் பெண்ணுக்குத் தமிழில் சொல்கிறாள்: "குழாய் லேசா ஒழுகுதாம்மா. முடிஞ்சப்ப பாக்கச் சொல்றாரு." அந்தப் பெண் தலையாட்டுகிறாள். கீழ்வீட்டுக்காரருக்கு, அவள் கேட்காத ஒரு மன்னிப்பும் போய்ச் சேர்கிறது. குடியிருப்பு முழுக்க அத்தையை 'சர்க்கரை அத்தை' என்றால்தான் தெரியும்.

நாலு பாஷைகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிவி பார்க்கும்போதுகூட வாய் சும்மா இருக்காது. வசனத்தை வேறு பாஷையில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். "உன் வாயில விழுந்தா வில்லனும் நல்லவனாயிடுறான்" என்பார் கணவர். பூசி மெழுகத் தெரிந்த அளவுக்கு அவளுக்குப் போட்டு உடைக்கத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கிடந்த தன் அக்காவிடமும் அப்படித்தான் செய்தாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, மகனை வரவழையுங்கள் என்றிருந்தார் டாக்டர். பாஷை புரியாத அக்கா, "என்னடி சொல்றாரு?" என்று கேட்டாள். "மருந்து மாத்தித் தர்றாராம்க்கா." வெளியூரில் வேலை பார்த்த மகனை, லீவுக்கு வந்தால் போதும், இப்போது எதற்கு அலைச்சல் என்று அக்காவே தடுத்துவிட்டாள். அத்தையும் போன் போடவில்லை. அவன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்றுவரை சித்தியோடு பேச்சில்லை. அதில் நியாயமில்லை என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அதே ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு இன்டர்வியூ.

"பாஷையில குறையே இல்லம்மா" என்கிறார் அதிகாரி அம்மாள். "ஆனா போன தடவை இன்டர்வியூவுல வெச்ச பரீட்சையில, டாக்டர் சொன்னதை நீங்க மாத்திட்டீங்க. அதனாலதான் எடுக்க முடியல."

"அது தப்புதான் மேடம். என்னைவிட யாருக்குத் தெரியும்?"

மறுபடியும் அதே பரீட்சை. ரிசப்ஷன் பெண்ணை நோயாளியாக எதிரே உட்கார வைக்கிறார்கள். அதிகாரி அம்மாள் டாக்டராகி, அங்குள்ள டாக்டர்கள் பேசும் பாஷையில் வாசிக்கிறார்: இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, குடும்பத்தாருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

ரிசப்ஷன் பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்று படிக்கிறாள்.

'மருந்து' என்ற சொல் அத்தையின் நாக்கு நுனிவரை வருகிறது. அதை விழுங்குகிறாள்.

"இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றாருக்கா" என்கிறாள். "பையனை உடனே வரச் சொல்லிடுவோம்."

அதிகாரி அம்மாளின் பேனா எழுதாமல் நிற்கிறது. அத்தையின் கை, மடியிலிருந்த பைக்குள் போனைத் தேடிக்கொண்டிருக்கிறது.