வாயைத் திறக்கக் கூடாது

கையெழுத்து என்றாலே முத்துவீரனுக்குப் பயம். நாற்பத்தாறு வயதுக்குள் அவன் போட்ட பெரிய கையெழுத்து இரண்டே இரண்டு. முதலாவது, 2004இல் பிரஜாவுரிமைத் தாளில். அதுவரைக்கும் அவன் எந்த நாட்டுக்காரனும் இல்லை. இலங்கையில், கேகாலைப் பக்கம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், அவ்வளவுதான். இரண்டாவது, 2008 மாசியில், பொலிஸ் ஸ்டேசனில். கோத்தகிரியிலிருந்து வந்திறங்கிய இரண்டு சிநேகிதர்களுக்கும் தானே பொறுப்பு என்று.

“இவர்களால் ஏதாவது வம்பு வந்தால் முதலில் தூக்குவது உன்னைத்தான்” என்று சிங்களத்தில் சொல்லித்தான் தாளை நீட்டினார்கள். சும்மா மிரட்டல் என்று விட்டுவிட முடியுமா? யுத்த காலம். போன வருசம் அடையாள அட்டையை வேறு சட்டையில் மறந்து வைத்துவிட்டுப் போய், இரண்டு நாள் உள்ளே கிடந்தவன் அவன். அன்றிலிருந்து பால் வெட்டப் போனால்கூட அட்டை பொலித்தீன் பைக்குள் மடியில் இருக்கும்.

வந்தவர்கள் இந்திரகுமாரும் லோரன்சும். மூவரும் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்து ஜனங்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி 1982இல் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் இந்தியப் பாஸ்போட் வந்தது. முத்துவீரனின் அப்பா எழுதிக் கொடுத்த விண்ணப்பத் தாள் எங்கேயோ தொலைந்து போனது. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிற ரயிலை ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொன்னார்கள். பொல்கஹவெல ஸ்டேசனில் இந்திரன் ஏறமாட்டேன் என்று நின்றான். அவன் அப்பா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். முத்துவீரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூவரும் சேர்ந்து சிவனொளிபாதமலை ஏறுவதாக இருந்ததும் அந்த மாசந்தான்.

மலை எங்கேயும் போகவில்லை. இருபத்தாறு வருசம் கழித்து அதற்காகத்தான் வந்திருந்தார்கள். லோரன்சுக்குத் தலை வழுக்கை, இந்திரனுக்கு வயிறு தொந்தி. பஸ் ஸ்டாண்டில் கட்டிப்பிடித்து அழுது முடிக்கவில்லை, அதற்குள் இந்திரன் தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பி, “மல்லி, தே துனக்!” என்று மூன்று தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தான். மணியான சிங்களம். முத்துவீரன் பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினான்.

“டேய், இந்தியாக்காரன் எப்படிடா சிங்களம் பேசுவான்? ஆமிக்காரன் காதுல விழுந்தா ஒன் பாஸ்போட்டையே கள்ளம்பான். மலை எறங்குற வரைக்கும் நீ வாயத் தெறக்கக் கூடாது.”

“கோத்தகிரியில என்னைய சிலோன்காரன்ங்கிறானுக. நீ இங்க இந்தியாக்காரனா இருங்கிற. நல்லா இருக்குடா நியாயம்.”

“நியாயத்த எறங்கி வந்து பேசுவோம்.”

லோரன்சைப் பற்றிக் கவலையில்லை. அவன் தமிழிலேயே நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவான். இந்திரனுக்குத்தான் பொல்லாத வாய். ஆனாலும் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான், பாவம்.

மூன்றாம் நாள் காலை இரத்தினபுரியிலிருந்து மலையடிவாரத்துப் பலாபத்தலைக்குப் போகும் பஸ்ஸை வழியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். முத்துவீரன் மடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். இளவட்டச் சிப்பாய் ஒருவன் இரண்டு பாஸ்போட்டையும் மேலோட்டமாகப் புரட்டி, “இந்தியா” என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்தான். முத்துவீரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பஸ்ஸில் திரும்ப ஏறும்போது முன்னால் போன வெள்ளைச் சேலை அம்மாவுக்குப் படியில் கால் வழுக்கியது. இந்திரன் எட்டித் தாங்கிப் பிடித்தான். அதோடு விட்டானா?

“பரிஸ்ஸமென் அம்மே” என்றான். கவனம் அம்மா, என்று.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? சிப்பாய் திரும்பினான். “சிங்கள தன்னவத?” சிங்களம் தெரியுமா, என்று.

மறுபடியும் பாஸ்போட்டை வாங்கி இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தான் சிப்பாய். பிறந்த இடம், கேகாலை. வயதான சார்ஜன்ட் ஒருவர் கூடாரத்துக்குள்ளிருந்து வந்தார். கேகாலையில் பிறந்தவன் எப்படி இந்தியாக்காரன் ஆனான் என்று கேட்டார்.

“என்னக் கேட்டா அனுப்புனாங்க?” என்றான் இந்திரன், நல்ல சிங்களத்தில்.

போச்சு, மூன்று பேரும் உள்ளேதான் என்று முத்துவீரன் முடிவுகட்டிவிட்டான். சார்ஜன்ட் பொலிஸ் ஸ்டேசனில் கொடுத்த பொறுப்புத் தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்டார்.

“என்னுதுங்க மாத்தயா.”

“அவர்கள் இரண்டு பேரும் ஏறட்டும். நாளைக்கு இறங்கி வந்து எனக்கு முகத்தைக் காட்டட்டும். அதுவரைக்கும் நீ இங்கே இரு.” முத்துவீரனின் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

உள்ளே தள்ளவில்லை, வெளியே கிடக்கும் பலகை வாங்கில்தான் இருக்கச் சொல்கிறார் என்பதில் முதலில் முத்துவீரனுக்கு வெட்கங்கெட்ட நிம்மதிதான் வந்தது. பிறகுதான் உறைத்தது. மறுபடியும் அவர்கள் போகிறார்கள், அவன் நிற்கிறான்.

“போங்கடா. கடல் தாண்டி வந்தது இதுக்குத்தானே. எனக்கென்ன, தெனம் பாக்குற மலைதானே” என்றான்.

கொண்டக்டர் கத்தினான். முத்துவீரன் அன்று போலவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது. சத்தம் வளைவில் அடங்கியதும் வாங்கில் போய் உட்கார்ந்தான்.

பக்கத்தில் ஒரு பை தொப்பென்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. இந்திரன் இந்தப் பக்கமும் லோரன்ஸ் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள்.

“ஏன்டா ஏறல?”

“அன்னைக்கு எங்கப்பா இழுத்து ஏத்துனாரு. இன்னிக்கு யாருடா இருக்கா ஏத்துறதுக்கு?”

முத்துவீரனுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. சார்ஜன்ட் வெளியே வந்து மூவரையும் பார்த்தார். ஏன் போகவில்லை என்று கேட்டார்.

இந்திரன் முத்துவீரன் பக்கம் திரும்பினான். “பேசலாமாடா?”

“பேசுடா” என்றான் முத்துவீரன்.