வில்லனாகிப்போன இயந்திரம்

அவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பகலெல்லாம் முகம் தெரியாதவர்களின் ஈறுகளுக்கு மெழுகில் அளவு பார்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாவல் எழுதினாள். பக்கவாதத்தில் அப்பா பேச்சிழந்த வருடம் அது.

நாவலில், நிலவில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பேச்சுத்துணை, கூடத்தை நடத்தும் இயந்திரம்தான். அது வார்த்தைகளை ஒவ்வொன்றாக மறக்கிறது. முதலில் பூக்களின் பெயர், பிறகு ‘கதவு’, கடைசியில் அவள் பெயர். ஊமையாகிப்போன அதை அணைக்க மனமில்லாமல் அவள் கூடவே இருந்துவிடுகிறாள். யாரை நினைத்து எழுதினாள் என்பது அண்ணனுக்கு மட்டும் தெரியும்.

படமாக்கக் கேட்டு வந்த இயக்குநர் நல்ல மனிதர். புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தார்.

“படிச்சு அழுதுட்டேங்க. ஆனா ஜனங்க சீட்டுல உக்காரணுமில்ல? மெஷின் வார்த்தையை மறந்தா பத்தாது, ஆளைக் கொல்லணும்.”

“அங்க அவளைத் தவிர ஆளே இல்லையே சார்.”

“நாலஞ்சு பேரை அனுப்பி வச்சிடலாம்.”

படம் பார்த்தாவது யாராவது புத்தகத்தைத் தேடட்டும் என்று சம்மதித்தாள்.

படம் வெளியானதும் அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். திரையில் சிவந்த கண்ணோடு ஓர் இயந்திரம், கரகரத்த குரலில் வசனம் பேசிப் பேசியே எல்லோரையும் தீர்த்துக்கட்டியது. அண்ணன் அவள் பக்கம் சாய்ந்தான்.

“அப்பாவைக் கொலைகாரனாக்கிட்டாங்களே.”

அவள் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் ஒருவனைக் கதவிடுக்கில் நசுக்கியபோது, நன்றாக இருந்த கையால் நாற்காலியைத் தட்டினார். முடிவில் கதாநாயகி அதை வெடிவைத்துத் தகர்த்தாள். அப்போதுதான் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

மறு வாரமும் போகவேண்டும் என்று சைகை காட்டினார். போனார்கள். இடையில் ஒருநாள் அவள் நாவலின் கடைசி அத்தியாயத்தை அவருக்குப் படித்துக் காட்டினாள். பாதியிலேயே குறட்டை விட்டார்.

இயக்குநருக்குப் போன் செய்தாள்.

“ரெண்டாம் பாகம் எடுத்தா மெஷினை உயிரோட கொண்டு வாங்க சார்.”

“வில்லனையா காப்பாத்தச் சொல்றீங்க?”

“எங்க வீட்ல அதுக்கு ஒரு ரசிகர் இருக்காரு.”

படம் சுமாராகத்தான் ஓடியது. இரண்டாம் பாகம் வரவில்லை. நாவல் மட்டும் மறுபதிப்பு கண்டது, அட்டையில் அந்தச் சிவந்த கண்ணோடு. உள்ளே பழைய கதைதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்பா அவளிடமிருந்து ஒரு பிரதியை வாங்கி, அட்டை தெரியும்படி கட்டிலருகே நிறுத்திவைத்துக்கொண்டார்.